நான்கு தூண்கள்: ஆஸ்திரேலியாவின் பெருவங்கிகள்

காமன்வெல்த் வங்கி, வெஸ்ட்பேக், நேஷனல் ஆஸ்திரேலியா வங்கி, ஏஎன்இசட். இந்த நான்கின் கையில்தான் ஆஸ்திரேலிய வங்கிச் சொத்துகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கிறது. வெஸ்ட்பேக்கின் முன்னோடி, 1817இல் சிட்னியில் தொடங்கிய பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ். காமன்வெல்த் வங்கியை 1911இல் அரசே சட்டம் இயற்றி உருவாக்கியது. 1991 தொடங்கி 1996க்குள் அதை முழுவதுமாகத் தனியாருக்கு விற்றுவிட்டது. 1985இல் 16 வெளிநாட்டு வங்கிகளுக்குக் கதவு திறந்தும், சாதாரண மக்களின் சேமிப்பும் வீட்டுக் கடனும் பெரும்பாலும் பழைய வங்கிகளிடமே தங்கிவிட்டன.

1990இல் ஏஎன்இசட், நேஷனல் மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனத்தோடு இணைய முயன்றது. அன்றைய கருவூல அமைச்சர் பால் கீட்டிங் மறுத்தார். நான்கு வங்கிகளும் இரண்டு காப்பீட்டு நிறுவனங்களும் ஒன்றோடொன்று சேரக்கூடாது என்று அவர் வகுத்த 'ஆறு தூண்கள்' கொள்கை, 1997இல் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கப்பட்டு 'நான்கு தூண்கள்' ஆயிற்று. இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதைத் தொடவில்லை.

கொள்கை மட்டுமல்ல, வாடிக்கையாளரை இந்த வங்கிகள் பிடித்த வயதையும் பார்க்க வேண்டும். சிட்னி மார்ட்டின் பிளேஸில் உள்ள காமன்வெல்த் வங்கியின் பழைய தலைமையகத்துக்கு 'உண்டியல் கட்டடம்' என்றே பெயர். அதே வடிவில் செய்த தகர உண்டியல்களை 1922 முதல் குழந்தைகளுக்கு வங்கி கொடுத்துவந்தது. 1931இல் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சேமிப்புத் திட்டம் வந்தது. மாணவர்கள் வாரந்தோறும் சில்லறையைக் கொண்டுவந்து வகுப்பில் கட்டுவார்கள். பிற்காலத்தில், பிள்ளைகள் போடும் பணத்துக்கேற்பப் பள்ளிக்கு வங்கி கமிஷனும் கொடுத்தது. நயமான விளம்பர உத்திகளுக்குக் குழந்தைகள் எளிதில் வசப்படுவார்கள் என்று நிதித் துறைக் கண்காணிப்பு ஆணையம் 2020இல் எச்சரித்தது. மறு ஆண்டே திட்டம் முடிவுக்கு வந்தது. ஆனால் அதற்குள் பல தலைமுறைகளில் பலருக்கு முதல் பாஸ்புத்தகமே வாழ்நாள் வங்கியைத் தீர்மானித்துவிட்டது.

நெருக்கடிக் காலங்கள் பெரியவர்களை இன்னும் பெரியவர்கள் ஆக்கின. 2008 நிதி நெருக்கடியின்போது வெஸ்ட்பேக் செயின்ட் ஜார்ஜ் வங்கியையும், காமன்வெல்த் வங்கி பேங்க்வெஸ்ட்டையும் வாங்கின. வங்கிகள் சந்தையில் திரட்டும் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்தபோது, உயர்ந்த தர மதிப்பீடு பெற்ற பெருவங்கிகள் அதற்குக் கட்டிய கட்டணம் ஆண்டுக்கு 0.7 சதவீதம். அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு 1 சதவீதம், அதற்கும் கீழே 1.5 சதவீதம். சிறிய வங்கிதான் அதிக விகிதத்தில் கட்டியது. போட்டி வலுவிழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2017 டிசம்பரில், முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி கென்னத் ஹெய்ன் தலைமையில் வங்கித் துறை முறைகேடுகளை விசாரிக்க ராயல் கமிஷன் அமைந்தது. செய்யாத சேவைக்கு ஆண்டுக்கணக்கில் கட்டணம் வசூலித்தது அம்பலமானது. இறந்துபோனவர்களின் கணக்கிலிருந்தும் ஆலோசனைக் கட்டணம் எடுக்கப்பட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த இறுதி அறிக்கையில் 76 பரிந்துரைகள் இருந்தன. அறிக்கை வெளியான சில நாட்களில் நேஷனல் ஆஸ்திரேலியா வங்கியின் தலைவரும் தலைமை நிர்வாகியும் பதவி விலகல் அறிவித்தார்கள்.

கடல் கடந்து நியூசிலாந்திலும் நிலைமை இதுதான். அங்குள்ள நான்கு பெரிய வங்கிகளும் இந்த நால்வருக்கே சொந்தம். அவற்றுக்கு எதிராக அந்நாட்டு அரசு 2002இல் அஞ்சலகங்கள் வழியாகத் தொடங்கிய கிவிபேங்க், இன்றும் அவற்றின் அளவை எட்டவில்லை.

நான்கு தூண்கள் கொள்கை தூண்கள் ஒன்றையொன்று விழுங்குவதைத்தான் தடுக்கிறது. சிறிய வங்கியை அவை வாங்குவதை அல்ல. குயின்ஸ்லாந்தின் சன்கார்ப் வங்கியை ஏஎன்இசட் வாங்கப் போட்டி ஆணையம் 2023இல் அனுமதி மறுத்தது. தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அனுமதித்தது. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று சன்கார்ப் வங்கி ஏஎன்இசட் வசமானது.