வலைப்பதிவு இடம்பெயர்தல்

ஓலைச்சுவடி சிதையுமுன் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தல் நம் முன்னோர்க்குப் பழகிய தொழில். பெயர்த்தெழுதப்படாத சுவடி செல்லுக்கு இரையாயிற்று. பெயர்த்தெழுதப்பட்டதோ ஏடெழுதுவோர் பிழையையும் உடன் ஏற்றது. இவ்விரு கேட்டிற்கும் இடையே ஒன்றைத் தெரியவேண்டிய நிலை, தம் குறிப்புக்களை இணையத்தில் எழுதிவைப்போர்க்கும் இன்று வாய்த்துளது. பல்லாண்டு எழுதிய வலைப்பதிவை இருந்த தளத்திலேயே விடுவதா, வேறு தளத்திற்குக் கொண்டுசெல்வதா என்னும் வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயின், ஆய்வேடுகளின் அடிக்குறிப்புக்களில் வலைப்பதிவு முகவரிகள் இடம்பெறத் தொடங்கிவிட்டமையின், முகவரி அழியின் சான்றும் அழியும் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

இடம்பெயர்தற்கு முதற்காரணம் இருந்த இடம் இல்லாதொழிதலே. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தை 1999-இல் யாகூ நிறுவனம் வாங்கிற்று. 2009 அக்டோபர் 26-ஆம் நாள் மூடிற்று. போஸ்டரஸ் 2013-இலும், டைப்பேட் 2025-இலும் மூடப்பட்டன. முன்னறிவிப்புத் தந்தனர் என்பது உண்மை. எழுதியவர் இறந்துபட்ட பதிவுகட்கு அவ்வறிவிப்பைப் படிப்பார் யாவர்? இத்தகைய பெயர்ச்சி கட்டாயத்தால் நிகழ்வது. எழுதுவோர் ஆராய்ந்து துணிந்ததன்று. ஆகலின் இதனை ஈண்டு விரித்திலம்.

ஆராய்ந்து துணிந்தமைக்கு 2004-ஆம் ஆண்டு நிகழ்ச்சி நல்லதொரு சான்று. 2001 முதல் வலைப்பதிவர் பலர் மூவபிள் டைப் என்னும் மென்பொருளைக் கையாண்டு வந்தனர். 2004 மே மாதம் வெளியான அதன் மூன்றாம் பதிப்பில், விலையின்றிப் பெறுவோர் இத்துணைப் பதிவுகளே வைத்துக்கொள்ளலாம், இத்துணைப் பேரே எழுதலாம் என வரையறை செய்யப்பட்டது. அதனால் பலர் வேர்டுபிரெஸ் என்னும் மென்பொருட்கு மாறினர். இது 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவரால், பி2 என்ற பழைய நிரலின் வழித்தோன்றலாக வெளியிடப்பெற்றது. எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் பொது உரிமத்தின்கீழ் அமைந்தது.

மாறியவருள் மார்க் பில்கிரிம் என்னும் அமெரிக்க நிரலாளர் குறிப்பிடத்தக்கவர். விலையின்றிக் கிடைத்தலும் உரிமையோடு கிடைத்தலும் ஒன்றல்ல என்பதே அவர் கட்சி. புதிய பதிப்பிற்குத் தாம் செலுத்தவேண்டியிருந்த 535 டாலரை வேர்டுபிரெஸ் ஆக்கியோர்க்கு நன்கொடையாக அளித்துவிட்டு மாறினார். பலரும் அவர் கருத்தை எடுத்துக்காட்டினர்; யாமும் அது சரியென்றே கொள்கிறோம். ஆயின் வரலாறு அங்கு முடிந்திலது. 2011 அக்டோபரில் அவரே தம் வலைப்பதிவையும் பிற தளங்களையும் முற்றும் நீக்கிவிட்டார். வருவோர்க்கு, ‘இது நீக்கப்பட்டது’ எனப் பொருள்படும் 410 என்ற எண்ணே விடையாகக் கிடைத்தது. மீள்வெளியீட்டிற்கு அவர் முன்பே இசைவு தந்திருந்த நூல்களைப் பிறர் வேறிடங்களில் மீண்டும் நிறுவினர். தளம் மாற்றிய அளவானே பதிவு நிலைபெறும் என்று எண்ணுவார் இந்நிகழ்ச்சியைக் கருதுவாராக. எழுதியவன் விருப்பம் எத்தளத்தினும் வலியது.

லைவ்ஜர்னல் வரலாறு வேறு வகையது. 1999-இல் பிராட் பிட்ஸ்பாட்ரிக் தொடங்கிய இத்தளம், 2005-இல் சிக்ஸ் அபார்ட் நிறுவனத்திற்கும், 2007 டிசம்பரில் சூப் என்னும் ருசிய நிறுவனத்திற்கும் கைமாறிற்று. 2016 டிசம்பரில் அதன் வழங்கிகள் ருசியாவிற்கு மாற்றப்பட்டன; 2017 ஏப்ரலில் ருசியச் சட்டத்திற்கு உட்பட்ட புதிய நெறிமுறை வந்தது. அதன்பின்னரே பலர் வெளியேறினர். பத்தாண்டு பொறுத்திருந்தமைக்குக் காரணம் சோம்பலன்று; அவர்தம் வாசகரும் நண்பரும் அங்கேயே இருந்தனர் என்பதே. லைவ்ஜர்னலின் நிரலினின்றே கிளைத்து 2009-இல் திறக்கப்பெற்ற டிரீம்விட்த், பதிவோடு பிறர் எழுதிய மறுமொழிகளையும் கொணர வழி செய்தமை ஈண்டுக் கருதற்பாலது. மூலத்தை மட்டும் கொண்டு உரையை விட்டுவருவது எத்துணை இழப்பென்பதைத் தமிழ் கற்றார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழ்ப் பக்கங்கட்கு வேறோர் இடரும் இருந்தது. ஒருங்குறி பரவுமுன் எழுதியோர் தகுதரம் முதலிய குறியேற்றங்களைக் கையாண்டனர். ‘கொ’ என்பதைத் தகுதரம் கண்ணிற் படும் முறையே கொம்பு, ககரம், கால் என மூன்றாக வைத்தது. ஒருங்குறியோ ககரத்தின் பின் ஒகரக் குறியாக வைக்கின்றது. ஆகவே தளம் மாறுவோர் எழுத்தின் வரிசையையும் மாற்ற வேண்டியவராயினர். பாமினி எழுத்துருவின் நிலை இன்னும் இடர்ப்பாடுடையது. அதில் ககரம், ஆங்கிலத்து எஃப் என்னும் எழுத்தின் இடத்தில் அமர்ந்துளது. கட்டுரையின் இடையே வந்த ஆங்கிலச் சொற்களும் மாற்றியின் வாய்ப்பட்டுப் பொருளற்ற தமிழெழுத்துக் கோவையாகும். இவ்வாறு கெட்ட மேற்கோள்களை வருங்காலப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடென மயங்காதிருப்பாராக!

யாமும் சுவடிப் பதிப்புப் பற்றிய குறிப்புக்களைப் பன்னிரண்டு ஆண்டாக ஒரு தளத்தில் எழுதிவந்தோம். இரண்டாண்டின் முன் அத்தளத்தார் எம் பக்கங்களில் விளம்பரம் இடத் தொடங்கினர். பெயர்தல் வேண்டுமென எண்ணினோம். தடுத்தது ஒன்றே. மறைந்த நண்பர் ஒருவர், யாம் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி மறுமொழிப் பகுதியில் எழுதிய திருத்தங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை அங்கிருந்தன. அவற்றுள் சில எம் கட்டுரையினும் சிறந்தவை. பெயர்க்கும் கருவியோ பதிவை மட்டுமே கொணர்ந்தது. முடிவில் மறுமொழிகளை நாளும் பெயரும் பிழையாதவாறு கையாற் படியெடுத்து, அவ்வப் பதிவின் கீழ்ச் சேர்த்தோம். எமக்கென ஓர் இணையப் பெயரையும் பதிந்துகொண்டோம். இனித் தளம் மாறினும் முகவரி மாறாது. பழைய பக்கங்களை நீக்கிலம். இரு ஆய்வேடுகள் அவற்றைச் சுட்டுகின்றன. அவை தேர்வு பெற்று நூலகத்தில் உள. ஒவ்வொரு பழைய பக்கத்தின் தலையிலும் புதிய முகவரியைக் குறித்து வைத்துள்ளோம்.