தெருமுனை இளைஞரும் நகரின் பொதுவிடமும்

தெருமுனையில் கூடிநிற்கும் விடலைப் பருவத்தினர்க்கு நகரம் எதனை வழங்கிற்று என்பது தனித்து ஆராயத்தக்க வினாவாகும். பரதவர் கூடி மற்போரிட்ட மணல்மேட்டுக் களரியைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளங்களுள் ஒன்றாகவே காட்டுகிறது. ஆண்டுக் கூடுதல் ஐயத்திற்குரியதன்று.

காலனிய ஆட்சியில் இந்நோக்கு மாறிற்று. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, பிழைக்கும் வழி வெளிப்படத் தெரியாதவரிடமும், தம்மைப் பற்றித் தக்க விளக்கம் தர இயலாதவரிடமும் நன்னடத்தைப் பிணையம் கேட்க இடமளித்தது. வருவாயற்ற இளைஞர் எவரும் இவ்வரையறைக்குள் அகப்படக்கூடும். 1973ஆம் ஆண்டுச் சட்டமே இக்கூற்றைக் கைவிட்டது.

இதற்கிடையே தமிழகம் வேறொரு விடையையும் கண்டது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. திராவிட இயக்கத்தார் பல ஊர்களில் படிப்பகங்களை நிறுவினர். தேநீர்க் கடைகளும் முடிதிருத்தகங்களும் நாளிதழை உரக்கப் படித்துக் கேட்கும் இடங்களாயின. அங்கு அமர்வதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. ஆயினும் அவ்விடங்கள் பெரிதும் ஆண்களுக்கே உரியனவாயிருந்தன. தெருமுனை கிட்டாத பெண்பிள்ளைகளுக்குப் படிப்பகமும் எளிதில் கிட்டவில்லை.

‘ஏன் நிற்கிறாய்?’ எனச் சட்டம் வினவிய இடத்தில் படிப்பகம் அமர ஒரு பலகை இட்டது எனலாம். அப்பலகையில் இடம்பெறாதோர் யாவர் என்பதையும் சேர்த்து எழுதும்போதே இவ்வரலாறு நிறைவுறும்.