கோப்பு அழிந்த பிறகு வரும் நோய்

1985 ஜூனில் சிக்னல் படையில் சேர்ந்தபோது தரம்வீர் சிங்கின் மருத்துவக் குறிப்பில் எந்த நோயும் இல்லை. 1994 ஏப்ரலில், வலிப்பு நோய் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெடிக்கல் போர்டு எழுதிய வரி பழைய சிப்பாய்கள் பலருக்கும் மனப்பாடம்: ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல. டிஸபிலிட்டி பென்ஷன் கிடைக்கவில்லை.

வழக்கு டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2013 ஜூலை 2 அன்று தீர்ப்பு. இந்த பென்ஷனுக்கான 1982-ஆம் ஆண்டு விதிகளை நீதிபதிகள் வரிவரியாகப் படித்தார்கள். சேரும்போது குறிப்பில் இல்லாத நோயைப் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு.

வலிப்பாவது சீருடையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. ராணுவப் பணிமனை மெக்கானிக்குகளின் கதை வேறு. இரும்புப் பாகங்களில் ஒட்டிய கிரீஸை எடுக்க உலகின் பல படைகளும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தின. மூச்சிலும் தோலிலும் புகும் அது சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும். இன்னொரு கரைப்பானான பென்சீன் ரத்தப் புற்றுநோயைத் தரும். ஆனால் உடனே அல்ல. இருபது, முப்பது ஆண்டு கழித்துக்கூட வரும்; அப்போது அந்த மெக்கானிக் பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

இந்த இடத்தில்தான் பென்ஷனுக்கான 2008-ஆம் ஆண்டு விதிகள் என்னை உறுத்துகின்றன. ஓய்வுபெற்று 15 ஆண்டுக்குப் பின் கோரிக்கை வந்தால், அதற்குள் பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருக்கும் என்பதால், நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது என்கிறது 7-ஆம் விதி. ஆவணத்தை வைத்திருந்ததும் அழித்ததும் அலுவலகம். இல்லாத காகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் நோயாளி! எந்த டின்னில் எந்தத் திரவம் இருந்தது என்று எந்த மெக்கானிக் வீட்டுக்கு எழுதி எடுத்துப்போனார்?

அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் குடிநீரிலேயே இந்தக் கரைப்பான்கள் கலந்திருந்தன. 1982-இல் சோதனையில் தெரிந்தது. மோசமான கிணறுகளை 1985-க்குள் மூடினார்கள். 1953 முதல் 1987 வரை அங்கே 30 நாள் பணியில் இருந்ததைக் காட்டினால் போதும், சிறுநீரகப் புற்றுநோய், பார்க்கின்சன் உள்ளிட்ட எட்டு நோய்களைப் பணியால் வந்தவையாகவே ஏற்போம் என்ற விதி 2017-இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்களோ.

டெல்லியில் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வீரர்களுக்கு வழங்கிய பென்ஷனை எதிர்த்து மத்திய அரசு போட்டிருந்த ஏறக்குறைய 300 மனுக்களைத் தள்ளுபடி செய்தது. இந்த பென்ஷன் தயவில் கொடுப்பதல்ல என்றது. 2008 விதிகளின் கீழும் மெடிக்கல் போர்டு காரணம் எழுதாமல் கைவிரிக்க முடியாது என்றும் சொன்னது.

கைவிரிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வழக்குப் போட்டுத்தான் இவ்வளவும் கிடைத்தது.