சிங்கப் பாதமும் சிறு பாதமும்

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் இலங்கையின் சீகிரியாக் குன்றின் உச்சியில் அரண்மனை சமைத்தபோது எழுப்பிய சிங்கச் சிலையின் வாய்வழியே மேலேறிய செங்கற்படிகள் பின்னர் அழிந்துபோய், அவற்றைத் தாங்கிய பள்ளங்கள் மட்டுமே பாறையில் வரிவரியாகத் தெரிய, இன்று இரும்புப் படிக்கட்டே யாத்திரிகரைச் சுமக்கிறது.

அங்கே ஆட்டிசம் உடைய சிறுவன் ஒருவன், ஒவ்வொரு படியிலும் இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, கம்பியை இறுகப் பற்றி நின்றான். பின்னால் வந்தோர் பிடிவாதம் என்றனர். பிடிவாதமன்று அது; உடல் அசைவின் சிரமம். 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர், ஆட்டிசம் உடையோராகத் தாம் வர்ணித்த 11 குழந்தைகளுள் சிலரது நடையின் தடுமாற்றத்தைக் குறித்தார். மறு ஆண்டே வியன்னாவில் மருத்துவர் ஆஸ்பெர்கரும் இத்தகைய சிறுவரின் அங்க அசைவின் இசைவின்மையை எழுதினார். எனினும் பேச்சும் பழக்கமுமே வைத்தியரின் கவனத்தை நெடுங்காலம் கவர்ந்தமையால், கண் அளந்த தூரத்தைக் கால் அறியாத இச்சிறுவரின் சிரமம் அலட்சியம் செய்யப்பட்டது பெரும் அநீதியே.

தாய் குனிந்து அவன் குதிகாலைத் தொட்டாள். அவன் அடுத்த படிக்குக் காலை உயர்த்தினான்.