தீர்க்கதரிசி

நெடுமையைக் குறிக்கும் 'தீர்க்க' என்னும் வடசொல்லும், காண்பவன் எனப் பொருள்படும் 'தரிசி'யும் கூடிப் பிறந்த 'தீர்க்கதரிசி', தொலைவில் வருவதை முன்னுணரும் விவேகியைச் சுட்டும் சொல். கிறிஸ்தவத் தமிழில் அது எபிரேயரின் 'நாபி'க்கு ஈடாக நிலைபெற்றது. எபிரேயச் சொல்லோ அழைத்தல், அறிவித்தல் என்னும் கருத்தோடு ஒட்டியது. தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் 'நபி' அதன் உறவுச்சொல். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் 'இறைவாக்கினர்' வாக்கின் பக்கத்தையே முன்னிறுத்துகிறது.

ஆயினும் எபிரேயத் தீர்க்கதரிசி மீகாவின் திறத்தில் பழைய சொல்லே எனக்கு உகந்தது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில், யூதாவின் மோரேசேத் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, ஏழையின் வயலைப் பறித்த பிரபுக்களையும் பரிதானம் வாங்கிய நியாயாதிபதிகளையும் கண்டித்து, சமாரியா, எருசலேம் ஆகிய இரு இராஜதானிகளும் பாழாகும் என்றுரைத்த அம்மகான், அவற்றைக் குறித்த தேவவாக்கைக் 'கண்டார்' என்றே அவர் நூல் தொடங்குகிறது. சமாரியா கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியரிடம் வீழ்ந்தது. எருசலேமோ, எசேக்கியா மன்னன் கர்த்தருக்குப் பயந்து வேண்டிக்கொண்டதால் அப்போது தப்பிற்று என்று எரேமியாவின் ஆகமம் கூறும்.

ஆனால், வீழ்ந்த நகர்களையெல்லாம் இவ்வாறே நோக்கலாகாது. சிங்கப்பூரில், இந்தியச் சிப்பாய்கள் உட்பட 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய கிராஞ்சி போர் நினைவகத்தின்முன் நிற்பவர், 1942 பிப்ரவரி 15-இல் வீழ்ந்த இந்நகரையும் அவ்வரிசையில் சேர்த்துத் தெய்வதண்டனை என்று பேசுதல் தகாது. மீகா குற்றஞ்சாட்டியது போரில் மாண்ட எளியோரையன்று, எளியோரின் நிலத்தையும் நியாயத்தையும் பறித்த அதிகாரிகளை.