மலை வழிபாடும் வனக் காவலும்

புதுப்பட்டினத்துக் கடற்கரைக்கு மேற்கே வேதமே மலையாய் நிற்கும் திருக்கழுக்குன்றம் மூவர் பாடல் பெற்ற திருத்தலம். உச்சியில் வேதகிரீசுவரரும், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரும் எழுந்தருளியுள்ளனர். நண்பகலில் இரு கழுகுகள் வந்து குருக்கள் கையால் அமுதுண்டு சென்ற காட்சியைக் கண்டு தொழுதோர் எண்ணற்றோர். 1990களின் இறுதியில் அக்காட்சி மறைந்தது. இந்நாட்டில் கழுகினங்கள் அருகியதற்குக் கால்நடைகளுக்கு அளித்த டைக்ளோபினாக் மருந்து பெருங்காரணம் என ஆய்வாளர் கண்டனர். 2006இல் அம்மருந்து கால்நடைகளுக்கு விலக்கப்பட்டது. படிகளும் கோபுரமும் நிற்கின்றன, பறவைகளைக் காணோம்.

மலைத்தலத்தின் பெருமை கல்லில் மட்டுமன்று, அங்கு வாழும் உயிர்களிலும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வுண்மையை உணர்ந்தோர் இம்மாவட்டத்திலேயே இருந்தனர். வேடந்தாங்கல் ஊரார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரிக்கு வரும் பறவைகளை எவரும் சுடலாகாதெனக் கலெக்டரிடம் உரிமை பெற்றனர். 1858இல் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். கட்டுப்பாடு மேலிருந்து திணிக்கப்பட்டதன்று. மக்களே வேண்டிப் பெற்றது.

இன்று மலையேறும் அன்பர்களுக்கு இச்செய்தி பெரிதும் வேண்டற்பாலது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துள் நுழைய அனுமதி வேண்டும் என்கிறது. சித்தர் வாழ்ந்ததாகப் போற்றப்படும் சதுரகிரி, 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயத்துள் அடங்கிற்று. 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. சுந்தர மகாலிங்கரைத் தரிசிக்கத் தாணிப்பாறை வழியே ஏறுவோர் காட்டாறுகளைக் கடக்கவேண்டும். 2015 மே மாதத்தில் திடீர் வெள்ளம் பக்தர் சிலரின் உயிரைக் கொண்டது. அதன்பின் பல்லாண்டுகள் பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களையொட்டியே அனுமதி வழங்கப்பட்டது. மழை மிகுந்தால் அதுவும் நிறுத்தப்பட்டது.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் மாண்டனர். அதன்பின் அரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகளை வகுத்தது.

தரிசனத்திற்குத் தடையா என மனம் வருந்துவோர் உளர். அவ்வருத்தம் பக்தியிற் பிறந்ததே. எனினும், திருக்கோயிலில் நடைசாத்தும் நேரத்தை மதித்துக் காத்திருக்கும் அடியார்க்கு, மலைக்கும் ஒரு நடைசாத்தும் காலம் உண்டென்பது விளங்காததன்று. நெகிழிப் பையையும் நெருப்பையும் அடிவாரத்திலேயே விட்டு, அனுமதித்த வழியில் அமைதியாய் ஏறுவதும் ஒரு திருத்தொண்டே. மலையைக் காப்போரை மலைமேல் அமர்ந்த பெருமான் காத்தருள்வானாக!