ஊசி ஏன் தலை சாய்த்தது?

காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால், பல இடங்களில் அது வடக்கே நோக்குவதோடு தரையை நோக்கியும் சாய்கிறது. இந்தச் சாய்வைக் கண்டு சும்மா இராத ஒரு கைவினைஞரால்தான், பூமியே ஒரு காந்தம் என்னும் உண்மைக்கு வழி பிறந்தது.

அவர் பெயர் ராபர்ட் நார்மன். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கடலில் கழித்தபின், லண்டனில் திசைகாட்டி செய்யும் தொழிலில் இறங்கியவர். அவர் ஊசியை முதலில் கிடையாக நிற்கும்படி சமன் செய்வார். பிறகு காந்தக்கல்லால் தேய்ப்பார். தேய்த்தவுடன் வடமுனை தாழ்ந்துவிடும். தென்முனையில் சிறிது மெழுகை ஒட்டிச் சரிசெய்துவிடுவார். ஒருமுறை மெழுகுக்குப் பதிலாக, தாழ்ந்த முனையை வெட்டிக் குறைக்க முயன்றார். அளவுக்கு மேல் வெட்டியதால், பாடுபட்டுச் செய்த ஊசி பாழாயிற்று. சினமுற்ற அவர், இதன் காரணத்தைக் கண்டே தீருவதென்று முனைந்தார்.

காந்தமேற்றியதால் வடமுனையின் எடை கூடியிருக்குமோ? எஃகுத் துண்டுகளைக் காந்தமேற்றுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். எடையில் மாற்றம் இல்லை. அப்படியானால் ஏதோ ஒன்று ஊசியைக் கீழே இழுக்கிறதோ? ஒரு கம்பியைத் தக்கையில் செருகி, மேலே மிதக்காமலும் அடியில் அமிழாமலும் நீருக்குள்ளேயே நிற்கும்படி தக்கையைச் செதுக்கினார். பின்பு கம்பியைக் காந்தமேற்றினார். அது வடக்கு நோக்கித் திரும்பிச் சாய்ந்ததே தவிர, கீழே இறங்கவில்லை, வடக்கே நகரவுமில்லை.

இதன் காரணத்தை இன்று நாம் எளிதில் கூறலாம். ஊசியின் இரு முனைகளிலும் சம அளவுள்ள விசைகள் எதிரெதிர்த் திசைகளில் செயல்படுகின்றன. ஆகவே ஊசி திரும்புகிறது, இடம் பெயர்வதில்லை.

செங்குத்துத் தளத்தில் சுழலும் ஊசியைக் கொண்டு நார்மன் 1576இல் லண்டனில் சாய்வை அளந்தார். அது 71 பாகை 50 கலை. 1581இல் இம்முடிவுகளை நூலாக வெளியிட்டார். துருவ நட்சத்திரம் ஊசியை இழுக்கிறது என்று பலர் நம்பிய காலம் அது. விண்மீன் இழுத்தால் முனை மேலேயல்லவா நோக்க வேண்டும்!

இந்நூலைக் கற்றவர்களுள் ஒருவர் வில்லியம் கில்பர்ட் என்னும் மருத்துவர். அவர் காந்தக்கல்லைக் கோளமாகக் கடைந்து, அதன்மேல் சிறு ஊசிகளை வைத்துப் பார்த்தார். கோளத்தின் நடுக்கோட்டில் ஊசி கிடையாகப் படிந்தது. துருவங்களை நெருங்க நெருங்கச் சாய்வு கூடியது. துருவத்தில் செங்குத்தாக நின்றது. லண்டனில் ஊசி சாய்ந்ததன் பொருள் இப்போது விளங்கியது. பூமியும் இக்கோளத்தைப் போன்றதொரு காந்தமே என்று 1600இல் வெளியான தம் நூலில் கில்பர்ட் அறிவித்தார்.

காந்த நடுக்கோடு இன்று நம் நாட்டின் தென்முனைக்கு அருகே செல்கிறது. அதனால் தில்லியில் 40 பாகைக்கு மேல் சாயும் ஊசி, கன்னியாகுமரிப் பகுதியில் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கிறது. இங்கே ஊசி செய்பவருக்கு மெழுகு தேவைப்படாது. நார்மனுக்கு எழுந்த கேள்வியும் எழாது.

அடுத்தமுறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் சோதனை எதிர்பார்த்தபடி அமையாவிட்டால், விடையைத் திருத்தி எழுத விரையாதீர்கள். மெழுகை ஒட்டிச் சரிசெய்வது எளிது; ஆனால் ஊசி சொல்ல வந்ததை நாம் கேட்காமல் போய்விடுவோம்.